நாலாவது வரிசையில எங்கூட்டுக்காரர்

ஏங்கண்ணு, கோபில ஏறுனதுல இருந்து அந்த டிவி விளம்பரத்தையே தள்ளித் தள்ளிப் பாத்துட்டு வர்றீங்களே, வாங்கப் போறீங்களா? எட்டிப் பாக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. செல்லு உங்க கையில இருக்குது, என்ற கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது. எச்.டி. டிவிதானே அது? பழசு நல்லா ஓடறப்ப புதுசு எதுக்கு, போட்ட காசுக்குப் பெறுமான்னு ரோசனை பண்றீங்க. அப்படித்தானே?

எங்கிட்டக் கேளுங்க. இந்த ஜில்லாவுல அதைப் பத்தி என்னையாட்டம் அனுபவப்பட்டவங்க யாரும் இருக்க மாட்டாங்க. இப்ப நாங்க எங்க போறோம்னு நெனைக்கறீங்க? எங்க மக ஊட்டுக்கு. திருப்பூர்ல இருக்கறா. மூணு வருசமா மொகத்துல முழிக்காத மக. அவளுக்கு ஒரு பொம்பளைப் புள்ள பொறந்து நடக்குதாம், ஓடுதாம், நான் இன்னும் பாத்ததில்ல. இன்னைக்குப் பாக்கப் போறேன். எல்லாம் அந்த டிவி பண்ணுன வேலை. காலைல இருந்து எனக்குக் கால் தரைல நிக்கல. சட்னிக்கு உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன், அவிய பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுட்டாங்க.

அவியன்னா எங்கூட்டுக்காரருங்க. அதா, டிரைவருக்குப் பின் சீட்டுல பச்சைத் துண்டு போட்டுட்டு ரோட்டையே பாத்துட்டிருக்கறாங்களே, அவியதான். பேரு அர்த்தநாரி. நான் சொல்லக் கூடாது, வாய்ல வந்துருச்சு. பொறந்ததுல இருந்து அவிய பேசுனதை எல்லாம் சேத்தாலும் ஒரு மத்தியானத்துல முடிஞ்சு போகும். அவியளுக்கும் சேத்து நாந்தான் பேசறது. பால் சொசைட்டில பேசோணுமா, நானு. சொந்தபந்தம் ஒறம்பரைக கிட்டப் பேசோணுமா, நானு. அவிய மனசுல என்ன இருக்குதுன்னு அவியளுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சிரும். கண்ணாடிங்க அவிய எனக்கு.

எங்க கோகிலவாணி கதையவே எடுத்துக்குங்க. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்துல ஒரு கட்டிங் மாஸ்டரைப் புடிச்சுப் போயி, கோயில்ல தாலியக் கட்டிட்டு, கழுத்துல மாலையோட வாசல்ல வந்து நின்னா. நம்ம சனம் இல்ல, வேற ஆளுக. எங்கூட்டுக்காரர் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவங்க வாளியப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. வாயத் தொறந்தாங்க. என்ன சொல்ல வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கொடுமைய அவிய வேற வாயத் தொறந்து சொல்லோணுமான்னு நானே சொல்லிட்டேன், இந்த ஊட்டு நெலவுப் படிய இனி மிதிக்காதேன்னு. வார்த்தை அவியளுது, வாய்தான் என்னுது. தொறந்த வாய அப்படியே மூடிட்டு மாட்டுக்கிட்டப் போயிட்டாங்க. அன்னைல இருந்து ஊட்டுல அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வாயத் தொறந்து போடல. நானாப் புரிஞ்சுக்கிட்டேன்.

வைராக்கியம்னா அப்படி ஒரு வைராக்கியம் கண்ணு. வாரம் தவறாம செவ்வாக்கெழமை திருப்பூருக்குப் போவாங்க, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க. அதே ஊர்லதான் மக இருக்கறா. ஒரு எட்டுப் போயிப் பாக்கோணுமே, ம்ஹூம். பை நெறையத் தேங்காயும் முருங்கக்காயும் கொண்டுட்டுப் போவாங்க, யாவாரிக்குக் குடுத்தா வெலையக் கொறப்பான்னு. அவன் கொறைக்கலையாம், வெறும் பையோட திரும்பி வந்துருவாங்க. இதுவரைக்கும் ஒரு தடவகூட வாங்குனதில்லைன்னாப் பாத்துக்குங்க, அத்தனை கறாரு.

ஏன் சிரிக்கறீங்க? சிரிங்க, சிரிங்க. எனக்கே இன்னைக்கு எதப் பாத்தாலும் சிரிப்பாத்தான் வருது.

எங்க விட்டேன்? டிவி. போன பங்குனில எங்க ஊருக்கு சீரியல் ஷூட்டிங் வந்துச்சு. கோபிப் பக்கம் ஷூட்டிங் வர்றது புதுசில்ல, எங்க வாய்க்கா மேட்டுல ஆடாத ஜோடி இல்ல. ஆனா எங்க தெருவுக்கே வந்தது அதுதான் மொதல் தடவ. பஞ்சாயத்து சீனு, ஊர் ஆளுக வேணும், வெள்ளை வேட்டியும் நல்ல மீசையுமா இருக்கோணும்னாங்க. எங்கூட்டுக்காரர் மீசை அந்தியூர் சந்தை வரைக்கும் பேர் போனது. ஒருத்தர் வந்து கையப் புடிச்சுக் கூப்பிட்டாரு. அவிய வேண்டாம்னு சொல்லத்தான் பாத்தாங்களாட்ட இருக்குது. அவிய சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகுமுங்க, அதுக்குள்ள நான் சரின்னுட்டேன். கொண்டு போயி நாலாவது வரிசைல உக்கார வெச்சுட்டாங்க.

சீன் என்னன்னா, ஒரு புள்ள வேற ஆளுகள்ல கட்டிக்குது. பஞ்சாயத்துல அப்பங்காரன் எந்திரிச்சு, இனி நீ எனக்கு மகளே இல்ல, போயிருங்கறான். அந்தப் புள்ள அழுதுட்டே படி எறங்கிப் போகோணும். கூட்டத்துல இருக்கறவங்க எல்லாம் கைய ஆட்டி ஆமா, ஆமான்னு கத்தோணும். வேலை அவ்வளவுதான். டைரக்டருக்குப் புடிக்கலைன்னு அந்தப் புள்ளைய சாயங்காலம் வரைக்கும் படி ஏத்தி எறக்குனாங்க. நான் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். எங்கூட்டுக்காரர் முதுகு மட்டும் தெரிஞ்சுது. முதுகே நல்லா நடிச்சுதுங்க.

சீரியல் வர்ற அன்னைக்குத் தெருவே எங்கூட்டுல. என்ற ஓரகத்தி சம்பூர்ணம், கொழுந்தனார் சம்சாரம், அடுத்த ஊடுதான், அவ மொத ஆளா வந்து நடு நாயகமா உக்காந்துட்டா. எங்க டிவி கவருமெண்ட்டுல இலவசமாக் குடுத்தாங்களே, அந்தக் குண்டு டிவி. தலைல ரெண்டு தட்டுனாத்தான் கலரு வரும். பஞ்சாயத்து வந்துச்சு. அப்பங்காரன் கத்துனான். கூட்டத்தைக் காட்டுனாங்க. நான் எந்திரிச்சு ஓடி, டிவில வெரலை வெச்சு, அதா, அதா, நாலாவது வரிசை, எங்கூட்டுக்காரருன்னேன். சம்பூர்ணம் கண்ணச் சுருக்கிப் பாத்தா. "அக்கா, அது மாமன் இல்ல. யாரோ தவுட்டு மூட்டைய எறக்கி வெச்சிருக்கறாங்க"ன்னா.

சிரிச்சாங்க பாருங்க. தெருவே சிரிச்சுது. மறுநா பால் ஊத்தப் போனா, மூட்டையா நடிச்சது உங்கூட்டுக்காரருங்களான்னு கேக்கறாங்க. எனக்கு நெஞ்சு காந்திப் போச்சு. சாகறதுக்குள்ள அந்த மூஞ்சியத் தெளிவாக் காட்டிப் போடோணும்னு அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். பால் காசுல சீட்டுப் போட்டிருந்தனா, அதை எடுத்தேன். அவியகிட்டச் சொன்னேன். அவிய சொன்னது ஒரே வார்த்தை. "வேண்டாம்." அந்த மனுசன் அவ்வளவு சீக்கிரமா ஒண்ணைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. செலவுக்குப் பயந்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.

கடைக்குப் போனா, செவுரு பூராவும் டிவி. எல்லாத்துலயும் ஒரே கிளி, ஒரே நேரத்துல தலையத் திருப்புது. கடைக்காரர் என்னென்னமோ நம்பர் சொல்றாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஏனுங்க, கூட்டத்துல நாலாவது வரிசைல ஒருத்தர் மீசையோட உக்காந்திருந்தா, அது மனுசனா மூட்டையான்னு தெரியுமா? அவரு ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு என்னையவே பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, மீசைல நரைச்ச முடிய எண்ணிக்கலாங்கம்மான்னு. அதையே குடுங்கன்னுட்டேன்.

செவுத்துல மாட்டியாச்சு. புது வண்டிக்குப் பண்ற மாதிரி எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு, நாலு மூலைக்கும் நடுவுலயும் சந்தனம் குங்குமம் வெச்சேன். மேல ஒட்டியிருந்த கண்ணாடிக் காகிதத்தை உரிக்கல. புதுசு புதுசா இருக்கோணுமில்லீங்களா? ரிமோட்டுக்கும் பாலித்தீன் கவரு போட்டு ரப்பர் பேண்டு மாட்டிட்டேன். அந்த சீரியலை மத்தியானத்துல திருப்பிப் போட ஆரம்பிச்சிருந்தாங்க, பஞ்சாயத்து வர்ற அன்னைக்கு மறுபடியும் தெருவையே கூப்பிட்டேன். டிவியப் போட்டா, பழைய படமே இழுத்து விட்டாப்பல வருது. கதாநாயகி மூஞ்சி தோசைக்கல்லு அகலம். நடுச் சந்தனம் யாரு வந்தாலும் அவங்க மூக்கு மேலயே நிக்குது. சம்பூர்ணம் கேட்டா, ஏங்கக்கா, மொத மூட்டை சின்னது, இது பெரிய மூட்டைங்களான்னு. எல்லாரும் போனதுக்கப்புறம் நான் அழுதே போட்டேன். அவிய வந்து பக்கத்துல உக்காந்தாங்க. அவிய மொகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது. எனக்காகத் தைரியமா இருக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் கேபிள்காரரு, பழனிவேலுன்னு பேரு, பாக்கிக்கு வந்தவரு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. டிவி எச்.டி., கீழ இருக்கற பெட்டி பழசு, மேல காகிதம் வேற, புது மிக்சி வாங்கி அம்மிக்கல்லுல வெச்சு அரைக்கறீங்கன்னாரு. பெட்டிய மாத்துனாரு. காகிதத்தை ஒரு மூலைல புடிச்சு சர்ர்ருன்னு உரிச்சாரு. எனக்கு என்ற தோலை உரிச்சாப்பல இருந்துச்சு. பழைய சீரியலெல்லாம் நெட்டுல கெடக்குதுங்கக்கா, அந்தப் பஞ்சாயத்தையே போடறேன்னு அவரு செல்லுல என்னமோ பண்ணுனாரு. நான் வாசல்ல நின்னு சத்தம் போட்டேன். மூணாவது தடவையா தெரு வந்துச்சு. சம்பூர்ணம் இந்தத் தடவ சும்மா வரல, கடலை வறுத்து எடுத்துட்டு வந்தா.

அடடடா, கண்ணு! அதை எப்படிச் சொல்றது? அந்தக் கோடாலிக் கொண்டை போட்ட பஞ்சாயத்துத் தலைவரு கையில வாட்ச் கட்டுன வெள்ளைத் தழும்பு தெரியுது. அப்பங்காரனுக்கு டோப்பா ஒட்டுன எடம் தெரியுது. பின்னால ரெண்டாவது வரிசைல ஒருத்தன் கோவமாக் கைய ஆட்டிட்டு மடியில செல்லு பாக்கறான். தூரத்துல சம்பூர்ணத்தோட எருமை நிக்குது, அதுக்குக் கொம்புல அடிச்ச நீலப் பெயிண்டு தெரியுது. ஐயோ, எங்க எருமைன்னு அவ கடலையெல்லாம் கொட்டிட்டா. ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சுட்டே நாலாவது வரிசையத் தேடுனேன்.

இருந்தாங்க. மூட்டை இல்ல, மனுசன். மீசைல நரைச்ச முடி தெரிஞ்சுது, எண்ணிக்கலாம். சுத்தி இருக்கறவன் பூராவும் ஆமா, ஆமான்னு கைய ஆட்டறான். அவிய ஆட்டல. ரெண்டு கையவும் மடியில வெச்சுக்கிட்டு, படி எறங்கிப் போற அந்தப் புள்ளையவே பாத்துட்டு இருக்கறாங்க. கண்ணுல இருந்து தண்ணி எறங்கி மீசைக்குள்ள போகுது. தொடைக்கக்கூட இல்ல.

பழனிவேலு படத்தை அப்படியே நிறுத்தி, அவிய மூஞ்சிய மட்டும் பெருசாக்குனாரு. சம்பூர்ணந்தான் மொதல்ல முந்தானைய எடுத்துக் கண்ணுல வெச்சா.

அந்நேரம் பாத்துப் பால் கேனோட அவிய உள்ள வந்தாங்க. செவுத்துல அவிய மூஞ்சி, அண்டா அகலத்துக்கு, அழுதுட்டு நிக்குது. பாத்தாங்க. எங்களையும் பாத்தாங்க. "வெயிலு கண்ணுல பட்டுருச்சு"ன்னாங்க. சம்பூர்ணம் சொன்னா, "நெழல்லதான் மாமா உக்காந்திருக்கறீங்க"ன்னு. எச்.டி.ல நெழல் எல்லாம் சுத்தமாத் தெரியுது கண்ணு, அதுல பொய் சொல்ல முடியாது.

அப்புறம் அவிய பால் கேனைக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. நான் வாயத் தொறக்கப் போனேன். சம்பூர்ணம் என்ற தொடைல கிள்ளிப் போட்டா. அதனால சும்மா இருந்தேன். அப்பத்தான் சொன்னாங்க.

"அந்தப் புள்ள அத்தனை தடவ படி எறங்குச்சு. ஒரு தடவையாவது ஒருத்தராவது, இரு சாமின்னு சொல்லியிருக்கலாம்."

எனக்குப் பளிச்சுன்னு எல்லாம் வெளங்கிருச்சு. நாந்தான் சொன்னேனே, அவிய மனசு எனக்குக் கண்ணாடின்னு. அவியளோட வைராக்கியம் ஒடஞ்சு போச்சு! எப்ப ஒடஞ்சுதோ, பங்குனிலயோ என்னவோ. அது தெரியாம நான் பாட்டுக்கு அவியளுக்காக வைராக்கியமா இருந்துட்டு இருக்கறேன். எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? தீவாளிக்கு அதிரசம் சுட்டா மொத அதிரசத்தை அவளுக்குன்னு கை தன்னால எடுத்து வெச்சிரும். அவிய பாத்தா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு நானே தின்னு போடுவேன். மூணு தீவாளி தின்னிருக்கறேன்.

எல்லாரையும் அனுப்பிட்டு அவியகிட்டச் சொன்னேன், சரிங்க, நீங்க இத்தனை எறங்கி வந்ததுக்கப்புறம் நான் குறுக்க நிக்க மாட்டேன், கூப்புடலாம், ஆனா நம்பருக்கு எங்க போறதுன்னேன். அவிய செல்லை எடுத்து, எதையும் பாக்காம பொத்தானை அமுக்கி எங்கிட்டக் குடுத்தாங்க. பெத்தவனுக்கு மக நம்பரு மறக்குமுங்களா? அவ எடுத்தா. எடுத்த எடுப்புல, "அப்பா, பிரசர் மாத்திரை போட்டீங்களா?"ங்கறா. மூணு வருசமாப் பேசாத புள்ள! அவியளுக்குப் பிரசர் வந்ததே போன ஆடிலதான், அது அவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வாயே வரலீங்க. எனக்கு! ஊருக்கே பேசறவளுக்கு! அவ ரெண்டு தடவ அப்பா, அப்பான்னா. அப்புறம் மெதுவா, "அம்மாவா?"ன்னா. என்னென்னமோ சொல்லோணும்னு இருந்துச்சு. கடைசில, "டிவி வாங்கியிருக்கறோம் கோகிலா, எச்.டி."ன்னேன். அப்புறம் அவ அழுதா. நானும் அழுதேன். அவிய மாட்டைப் பாக்கறேன்னு எந்திரிச்சுப் போனாங்க. ராத்திரிக்கு மாடு படுத்துத் தூங்குது, அதுல என்னத்தப் பாக்கறது?

நீங்க மொதல்ல இங்க வாங்கம்மான்னு சொல்லிட்டா. அதான் வர்றோம். இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்கறதும் தோதாப் போச்சு, பருத்திக்கொட்டையும் பாத்துக்கலாம். வழி கேக்கோணுமேன்னு எனக்குக் கவலை. ஆனா எங்கூட்டுக்காரர் கெட்டிக்காரர், ஒருத்தரையும் கேக்கல. கண்டக்டரும் அப்படி, எங்க எறங்கறீங்கன்னு கேக்காமயே சரியான டிக்கெட்டைக் கையில குடுத்துட்டுப் போறாரு. மூஞ்சியப் பாத்தே ஊரைச் சொல்ற ஆளுகளும் இருக்கறாங்க கண்ணு.

அய்யோ, பெருமாநல்லூர் தாண்டிருச்சா? பேச்சுல பாக்கவே இல்லையே. இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. அது அதிரசமுங்க, நசுங்கிரப் போகுது. அவிய எந்திரிச்சுட்டாங்க, வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே படிக்குப் போயிட்டாங்க. இருங்க, இருங்க, சன்னல்ல பாக்கறேன். அதா நிக்கறா! மஞ்சச் சுடிதாரு. என்ற கோகிலா. எளச்சுட்டாளே. இல்ல, இல்ல, நல்லாத்தான் இருக்கறா. பக்கத்துல மாப்பிள்ளையாட்ட இருக்குது, சிரிச்ச மொகம். அவ கையப் புடிச்சுட்டு, அதான் கண்ணு, அதான் என்ற பேத்தி. எத்தனூண்டு ரெட்டைச் சடை!

பாருங்க, பாருங்க, அவிய எறங்கறதுக்குள்ள கையை உதறிட்டு ஓடி வருது. தாத்தாங்குது! கேட்டுச்சுங்களா? தாவி ஏறி, சட்டப் பையில கைய விட்டு மிட்டாய் எடுக்குதே! பையில மிட்டாய் இருக்குதுன்னு எனக்கே தெரியாது. பாத்ததே இல்லாத தாத்தாவை எப்படிங்க...

அட, சீரியல்ல பாத்திருக்குதுங்க! வேறென்ன? கோகிலா ஊட்டுலயும் எச்.டி.தான் போல. நாலாவது வரிசைல உக்காந்திருந்த மனுசனை, அந்தப் பொடிசு அடையாளம் கண்டுக்கிச்சு பாருங்க. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? வாங்கிப் போடுங்க கண்ணு. ரோசனையே பண்ணாதீங்க.

வர்றேன் கண்டக்டரே, எறங்கறேன், அவசரப்படாதீங்க. சாமி! இங்க பாரு சாமி, அம்மாயி வந்திருக்கறேன்! என்ன இது, என்னையப் பாத்ததும் கீழ எறங்கி அவிய வேட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது. யாரு இந்தப் பொம்பளைன்னு பாக்குது.

நான் சீரியல்ல வரலீங்களே கண்ணு. அதான்.